வீட்டுப் பொருள்களும் எண்ணறிவும்: பாலர்க்கு எண்ணலும் எளிய கணக்கும் கற்பித்தல்

முன்னுரை

எண்ணையும் எழுத்தையும் இணைத்துப் பேசுவது தமிழ் மரபு. அவ்விணையில் எண்ணை முதலில் வைப்பதும் அம்மரபே. ஆயினும், தமிழ்க்கல்வி பற்றிய நம் உரையாடல்களில் எழுத்துப் பெறும் கவனத்தை எண் பெரும்பாலும் பெறுவதில்லை. எண்ணுப் பெயர்களைக் கற்பிப்பது கணித ஆசிரியரின் பணி என்று மொழியாசிரியர் கருதுகிறார்; அது மொழிப்பாடத்தைச் சார்ந்தது என்று கணித ஆசிரியர் கருதுகிறார். இவ்விருவருக்குமிடையே கவனிப்பாரற்றுப் போவது, குழந்தை வீட்டிலிருந்து கொண்டுவரும் எண்ணறிவாகும்.

நான்கு முதல் ஏழு வயது வரையுள்ள குழந்தைகளுக்கு, அதாவது மலேசியப் பாலர்பள்ளிகளிலும் தமிழ்ப்பள்ளியின் முதலாம் ஆண்டிலும் பயில்வோருக்கு, வீட்டில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டு எண்ணலையும் எளிய கணக்கையும் கற்பிக்கும் முறைகளை இக்கட்டுரை விளக்குகிறது. கடையில் வாங்கும் பயிற்றுத் துணைப்பொருள்களுக்கு மலிவான மாற்று என்பதற்காகப் புளியங்கொட்டையையும் முட்டைப் பெட்டியையும் நாம் பரிந்துரைக்கவில்லை. அப்பொருள்களைச் சுற்றி வீட்டில் ஏற்கெனவே ஒரு பேச்சு நிகழ்ந்து வருகிறது. அப்பேச்சில் எண் தனியே வராமல் ஒரு தேவையோடு சேர்ந்து வருகிறது. அப்பேச்சே கணிதக் கல்வியின் தொடக்கமாக அமைய வேண்டும் என்பது நம் கருத்து.

1. ஒப்புவித்தலும் எண்ணுதலும்

பாலர் வகுப்புகளில் நாம் அடிக்கடி காணும் காட்சி ஒன்றுண்டு. ஐந்து வயதுக் குழந்தை ஒன்று முதல் ஐம்பது வரை தங்குதடையின்றி ஒப்புவிக்கிறது. அதன்முன் ஏழு புளியங்கொட்டைகளை வைத்தால், விரலால் தொட்டுத் தொட்டு ஏழு வரை சரியாகவே எண்ணுகிறது. ‘மொத்தம் எத்தனை?’ என்று கேட்டவுடன், விடை கூறாமல் மீண்டும் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்குகிறது. ‘எத்தனை’ என்னும் வினா அக்குழந்தைக்கு ‘எண்ணு’ என்னும் ஏவலாகவே கேட்கிறது. எண்ணுப் பெயர்களின் வரிசை அதற்குத் தெரியும். இறுதியில் சொன்ன எண்ணே குழுவின் அளவு என்பது இன்னும் தெரியவில்லை.

இவ்வேறுபாட்டைத் தெளிவாக வகுத்துக் காட்டியவர்கள் ரோசெல் கெல்மனும் சார்லஸ் கேலிஸ்டலும் ஆவர். 1978இல் வெளிவந்த தம் நூலில், எண்ணுதல் என்னும் செயலில் ஐந்து நெறிகள் அடங்கியிருப்பதாக அவர்கள் கூறினர். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரே ஓர் எண்ணுப்பெயர் என்பது முதல் நெறி. எண்ணுப்பெயர்களின் வரிசை மாறாதது என்பது இரண்டாவது. இறுதியாகச் சொன்ன பெயரே தொகையைக் குறிக்கும் என்பது மூன்றாவது. எவ்வகைப் பொருளையும் எண்ணலாம் என்பது நான்காவது. எப்பக்கத்திலிருந்து எண்ணினாலும் தொகை மாறாது என்பது ஐந்தாவது.

இவ்வைந்தையும் வீட்டுச் செயல்களில் காணலாம். உணவு வேளையில் ஆளுக்கொரு தட்டு வைக்கும் குழந்தை முதல் நெறியைப் பழகுகிறது. தட்டு ஒன்று குறைந்தால் ஒருவர் தட்டின்றி அமர்ந்திருப்பார். பிழையை ஆசிரியர் சுட்டவேண்டியதில்லை, பிழையே தன்னைச் சுட்டிக்கொள்கிறது. மூன்றாம் நெறிக்கு ஒரு தேங்காய்ச் சிரட்டை போதும். எண்ணி முடித்த கொட்டைகளைச் சிரட்டையால் மூடிவிட்டு, ‘உள்ளே எத்தனை?’ என்று கேட்க வேண்டும். மீண்டும் எண்ண வழியில்லாமையால், குழந்தை இறுதியாகச் சொன்ன எண்ணை நினைவிலிருந்து எடுத்தாக வேண்டும். கரண்டியும் வெங்காயமும் கிண்ணமும் கலந்த குவியலை எண்ணுவது நான்காம் நெறிக்கும், அதையே இடமிருந்தும் வலமிருந்தும் எண்ணுவது ஐந்தாம் நெறிக்கும் பயிற்சியாகும்.

எண்ணின் நிலைபேறு பற்றி ழான் பியாஜே 1941இல் வெளியிட்ட ஆய்வு ஆசிரியர்கள் நன்கறிந்ததே. இணையான இரு வரிசைகளுள் ஒன்றை அகலப் பரப்பினால், அதில்தான் பொருள் அதிகம் என்று சிறு குழந்தைகள் கூறுவர் என அவர் காட்டினார். ஆனால், ஜேம்ஸ் மெக்காரிகிள், மார்கரெட் டொனால்ட்சன் ஆகியோர் 1974இல் வெளியிட்ட சோதனை இதற்கு ஒரு முக்கியத் திருத்தத்தைத் தந்தது. வரிசையைக் கலைத்தது பெரியவர் அல்லாமல் குறும்புக்காரப் பொம்மைக் கரடியாக இருந்தபோது, மிகுதியான குழந்தைகள் சரியான விடை கூறினர். பெரியவர் ஒருவர் பொருள்களை நகர்த்திவிட்டு அதே வினாவை மறுபடி கேட்டால், விடையை மாற்றச் சொல்கிறார் என்று குழந்தை எண்ணிக்கொள்ளக்கூடும் என்பதே இதற்குத் தரப்படும் விளக்கம்.

இவ்விளக்கம் நம் பொருளுக்கு இன்றியமையாதது. விடை தெரிந்தே கேட்கப்படும் வினா வகுப்பறைக்குரியது. ‘அப்பாவுக்கும் பாட்டிக்கும் சேர்த்து எத்தனை தோசை வேண்டும்?’ என்று அடுப்படியில் கேட்கப்படும் வினாவில் உண்மையான தேவை இருக்கிறது. அங்கே குழந்தை பெரியவரின் மனத்தை ஊகிக்க வேண்டியதில்லை; பொருளைப் பார்த்தால் போதும்.

2. வீட்டு வழக்கும் நூல் வழக்கும்

தமிழில் எண்ணைக் கற்கும் குழந்தைக்கு ஒரு தனிச்சுமை உண்டு. வீட்டில் அது கேட்பவை ‘ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு’ என்னும் வடிவங்கள். பாடநூலில் காண்பவை ‘இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து’ என்னும் வடிவங்கள். ஒன்று என்னும் ஓர் எண்ணே ‘ஒண்ணு, ஒன்று, ஒரு, ஓர், ஒருவர்’ எனப் பல உருவங்களில் வருகிறது. ‘மூன்று பேர்’ என்று வீட்டிலும் ‘மூவர்’ என்று நூலிலும் வழங்குகிறோம். நமக்கு இவை ஒரே எண்ணின் வேறுவடிவங்கள். ஐந்து வயதினருக்கு இவை வேறுவேறு சொற்கள்.

ஒரு வகுப்பில், மேசைமீதிருந்த மூடிகளை எண்ணிய சிறுமி ஒருத்தி ‘அஞ்சு’ என்றாள். ‘அஞ்சு இல்லை, ஐந்து’ என்று ஆசிரியர் திருத்தினார். சிறுமி மூடிகளை மீண்டும் எண்ணத் தொடங்கினாள். உச்சரிப்பைத் திருத்தினார் என்பதை அவள் அறியவில்லை. தன் எண்ணிக்கை தவறு என்றே கருதினாள். சரியாக எண்ணிய குழந்தைக்குத் தன் எண்ணிக்கைமீதே ஐயம் பிறந்தது. மொழித்திருத்தம் கணிதத்திருத்தமாகக் கேட்கும் இவ்விடர்ப்பாட்டை நாம் எல்லோருமே ஏதேனும் ஒரு நேரத்தில் விளைவித்திருப்போம். ‘ஆமாம், அஞ்சு மூடி. புத்தகத்தில் அதை ஐந்து என்று எழுதுவோம்’ என்று முதலில் எண்ணிக்கையை ஏற்று, பின்னர் நூல் வழக்கைத் தருவதே தகும்.

வீட்டுப் பேச்சு தரும் நன்மை ஒன்றையும் இங்கே குறிப்பிட வேண்டும். தமிழில் எண்ணத்தக்கவற்றுக்கு ‘எத்தனை’ என்றும் அளக்கத்தக்கவற்றுக்கு ‘எவ்வளவு’ என்றும் வினவுகிறோம். எத்தனை முட்டை, எவ்வளவு பால் என்னும் வேறுபாட்டில் எண்ணலும் அளத்தலும் வெவ்வேறு செயல்கள் என்னும் கணிதக் கருத்தே அடங்கியுள்ளது. மலாயில் ‘பெராப்பா’ என்னும் ஒரு சொல்லே இரண்டிற்கும் வருதலின், நம் குழந்தைகள் இவ்விரு தமிழ்ச் சொற்களையும் கலந்து வழங்குவதில் வியப்பில்லை. நம் நாட்டு வீடுகள் பலவற்றில் கெட்டிப்பால் டின்னால் அரிசி அளக்கும் பழக்கம் உண்டு. ‘எவ்வளவு அரிசி?’ என்பதற்கு ‘மூன்று டின்’ என்று விடை வரும்போது, அளத்தலுக்கும் ஓர் அலகு கிடைத்துவிட்டால் அதையும் எண்ணலாம் என்பதைக் குழந்தை காண்கிறது.

அளக்கும்போது முதல் அளவை ‘ஒன்று’ என்னாமல் ‘லாபம்’ என்று சொல்லித் தொடங்கும் மங்கல வழக்கைப் பாட்டிமார் சிலரிடம் இன்றும் கேட்கலாம். ‘லாபம், ரெண்டு, மூணு’ என்று கேட்டு வளர்ந்த குழந்தையிடம் ‘லாபம்’ எந்த எண்ணின் இடத்தில் நிற்கிறது என்று கேட்டுப் பாருங்கள். பெயர் மாறினாலும் வரிசையில் அதன் இடம் மாறவில்லை என்பதைக் கண்டுகொள்ளும் குழந்தை, எண்ணைப் பற்றி ஆழமான ஒன்றைக் கண்டுகொண்டதாகிறது.

3. பத்தின் பெட்டி

பத்து என்னும் தொகுதியை உணர்வதே இடமதிப்பின் அடிப்படை. இதற்கு ஏற்ற வீட்டுப் பொருள் பத்து முட்டைகள் கொள்ளும் பெட்டியாகும். ஐந்தைந்தாக இரு வரிசைக் குழிகள் கொண்ட காலிப் பெட்டியில் ஏழு எலுமிச்சங்காய்களை வைத்தால், ஒரு வரிசை நிறைந்து இரண்டு மிஞ்சுவதும், இன்னும் மூன்று குழிகள் ஒழிந்திருப்பதும் ஒருங்கே கண்ணுக்குத் தெரியும். ஐந்தும் இரண்டும் ஏழு. ஏழும் மூன்றும் பத்து. கணித வகுப்புகளில் பயன்படும் பத்துக்கட்டச் சட்டகம் செய்யும் பணியையே இப்பெட்டியும் செய்கிறது.

பெட்டி நிறைந்தபின் எஞ்சியவை வெளியே நிற்கும். அப்போது தமிழ் எண்ணுப்பெயர்களின் அமைப்பு துணைக்கு வருகிறது. பதினொன்று என்பது பத்தும் ஒன்றும். பதின்மூன்று என்பது பத்தும் மூன்றும். இருபது இரண்டு பத்துகள். இருபத்து நான்கு இரண்டு பெட்டிகளும் நான்கு உதிரிகளும். ஆங்கிலத்தில் பதினொன்றையும் பன்னிரண்டையும் குறிக்கும் சொற்களில் பத்து வெளிப்படையாகத் தெரிவதில்லை. பதின்மூன்று முதல் பத்தொன்பது வரை ஒன்றின் இலக்கம் முன்னும் பத்துப் பின்னுமாக ஒலிக்கும். எண்ணுப்பெயர்களில் பத்தும் ஒன்றும் தெளிவாக ஒலிக்கும் கிழக்காசிய மொழிகளைப் பேசும் குழந்தைகள் எண்களைப் பத்துகளாகவும் ஒன்றுகளாகவும் அமைத்துக் காட்டுவதில் முந்துவதை ஐரீன் மியுராவின் ஆய்வுகள் 1987 முதல் காட்டின. மொழி மட்டுமே காரணம் என்று கொள்வதற்கில்லை. வீட்டுப் பயிற்சியும் பள்ளி முறையும் இதில் கலந்துள்ளன. எனினும், மொழி தரும் இவ்வுதவியை நழுவவிடுதல் தகாது.

தமிழ் எண்ணுப்பெயர்களில் இடறும் இடமும் ஒன்றுண்டு. ஒன்பது, தொண்ணூறு, தொள்ளாயிரம் ஆகிய மூன்றும் முறையே பத்து, நூறு, ஆயிரம் என்னும் அடுத்த பேரலகின் பெயரைத் தம்முள் கொண்டவை. தொல்காப்பியமும் நன்னூலும் இப்புணர்ச்சியைத் தனியே விதி கூறி விளக்குவது, இவை பொதுநெறிக்கு அடங்காதவை என்பதற்குச் சான்று. முப்பது, நாற்பது, ஐம்பது என்று ‘பது’வைப் பத்துகளின் அடையாளமாகக் கற்கும் குழந்தைக்கு ‘ஒன்பது’ குழப்பம் தரலாம். எண்பதையடுத்து வரும் ‘தொண்ணூறு’, நூற்றைத் தாண்டியதுபோல் ஒலிக்கலாம். விதி கூறி விளக்குவதைவிடப் பெட்டியைக் காட்டுவதே எளிது. பத்துக் குழிகளில் ஒன்று மட்டும் காலியாக இருந்தால் ஒன்பது. பத்துப் பெட்டிகளில் ஒரு பெட்டி மட்டும் காலியாக இருந்தால் தொண்ணூறு. நிறைவுக்கு ஒன்று குறைந்த நிலை இவ்விரண்டிற்கும் பொது என்பதைக் குழந்தை கண்ணாற்கண்டு நினைவிற்கொள்ளும்.

4. நான்கு அடிப்படைச் செயல்கள்

சேர்த்தலில் முதற்படி, இரு குவியல்களையும் ஒன்றாக்கி முதலிலிருந்து எண்ணுதல். அடுத்த படி, முதற்குவியலின் தொகையை மனத்திற்கொண்டு தொடர்ந்து எண்ணுதல். ஐந்து கொட்டைகளைச் சிரட்டையால் மூடி, வெளியே மூன்றை வைத்தால், குழந்தை ‘ஐந்து’ என்று தொடங்கி ‘ஆறு, ஏழு, எட்டு’ என்று தொடர வேண்டும். மூடிய சிரட்டைதான் முதற்படியிலிருந்து இரண்டாம் படிக்குக் குழந்தையை ஏற்றுகிறது.

கழித்தலை ‘எடுத்துவிடுதல்’ என்று மட்டும் கற்பிப்பது பரவலான குறை. எட்டு வடைகளில் மூன்றைத் தின்றால் மீதி எத்தனை என்பது ஒருவகை. உன்னிடம் எட்டு, தங்கையிடம் மூன்று. உன்னிடம் எத்தனை அதிகம் என்பது இன்னொரு வகை. எட்டுப் பேருக்கு மூன்று தட்டுகளே உள்ளன. இன்னும் எத்தனை வேண்டும் என்பது மூன்றாம் வகை. மூன்றிற்கும் விடை ஐந்தே. ஆனால் ‘மீதி, அதிகம், இன்னும்’ என்னும் சொற்கள் வெவ்வேறு சூழல்களைக் காட்டுகின்றன. முதல்வகையில் மட்டும் பழகிய குழந்தை, பின்னாளில் வாக்கியக் கணக்கில் ‘அதிகம்’ என்னும் சொல்லைக் கண்டவுடன் சேர்த்துவிடுகிறது. பிழை கணிதத்தில் இல்லை. அச்சொல் பொருளோடு சேர்ந்து அதன் காதில் விழாமற் போனதில் இருக்கிறது.

பெருக்கலுக்கு இட்டிலித் தட்டு சிறந்த கருவி. நான்கு குழிகள் கொண்ட தட்டுகள் மூன்றை அடுக்கினால், மும்முறை நான்கு பன்னிரண்டு. ஐந்துக்கு ஆறாக அமைந்த முப்பது முட்டைத் தட்டை நெடுக்காகவும் குறுக்காகவும் திருப்பிப் பார்க்கும் குழந்தை, ஆறைந்தும் ஐயாறும் ஒன்றே என்பதை வாய்பாடு இன்றியே காண்கிறது. வகுத்தலில் இருவகை உண்டு. பன்னிரண்டு வடைகளை நால்வருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு எத்தனை என்பது பகிர்தல்; ஆளுக்கு மூன்று வீதம் கொடுத்தால் எத்தனை பேருக்குப் போதும் என்பது கூறாக்கல். வீட்டில் இரண்டும் இயல்பாக நிகழ்கின்றன. அரை மூடித் தேங்காய், கால் டின் பருப்பு என்னும் பேச்சின் வழியே பின்னத்தின் பெயர்களும் உடன் வந்து சேர்கின்றன.

விளையாட்டையும் மறத்தலாகாது. பதினான்கு குழிகளில் ஆடும் பல்லாங்குழியும், பக்கத்துக்கு ஏழு குழிகளும் இரு பெருங்குழிகளுமாக அமைந்த மலாய்ச் சொங்காக்கும் குழிக்கு ஒரு காயாக இட்டுச் செல்லும் ஆட்டங்கள். ஒன்றுக்கு ஒன்று என்னும் நெறியே இவற்றின் உயிர். பல்லாங்குழியை ஆடும் முறைகளுள் ஒன்றில், குழியில் நான்கு காய்கள் சேர்ந்தவுடன் அதைப் ‘பசு’ என்று எடுத்துக்கொள்வர். மூன்றிருக்கும் குழியில் ஒன்று விழுந்தவுடன் எண்ணாமலேயே நான்கென்று அறியும் பார்வைத் திறன் ஆட்டத்தின் விறுவிறுப்பிலேயே கைவருகிறது.

5. பொருளிலிருந்து குறிக்கு

பொருளில் தொடங்கிப் பொருளிலேயே நின்றுவிடுதலும் தவறாகும். செயல்வழி, உருவழி, குறிவழி என்று ஜெரோம் புரூனர் 1960களில் வகுத்த மூன்று நிலைகளும், 1980களின் தொடக்கம் முதல் சிங்கப்பூர்த் தொடக்கப்பள்ளிக் கணிதம் பின்பற்றிவரும் பொருள், படம், குறி என்னும் வரிசையும் ஆசிரியர்களுக்கு வழிகாட்டும். கொட்டைகளை எண்ணிய குழந்தை, அவற்றிற்குப் பதில் தாளில் புள்ளிகளை வரைய வேண்டும். பின்னரே 5 + 3 என்று எழுத வேண்டும். புள்ளியைப் பார்த்துக் கொட்டையையும், குறியைப் பார்த்துப் புள்ளியையும் திரும்ப அமைத்துக் காட்டச் சொல்வது புரிதலை அறியும் எளிய சோதனையாகும்.

நாணயத்தைத் தொடக்கத்திலேயே கையாள்வதை நாம் பரிந்துரைப்பதில்லை. பத்துக் காசு நாணயத்தில் பத்துப் பொருள்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை. 2008 ஏப்ரல் முதல் கடைத்தொகை ஐந்து காசுக்கு முழுமையாக்கப்படுவதால், ஒற்றைக் காசும் வீட்டில் புழக்கத்தில் இல்லை. பத்தைப் பெட்டியில் கண்டு தெளிந்த பின்னரே காசுக்குச் செல்லலாம். மேலும், மூன்று வயதுக்குட்பட்ட தம்பி தங்கையர் உள்ள வீட்டில் கொட்டை, மணி போன்ற சிறு பொருள்கள் தொண்டையில் சிக்கும் ஆபத்துண்டு; அங்கே கரண்டி, மூடி, எலுமிச்சை போன்றவையே பாதுகாப்பானவை.

6. பெற்றோர் தலைமுறை

வீட்டு மொழியை நம்பித் தொடங்குவோம் என்று கூறும்போது, அவ்வீட்டில் இன்று எம்மொழியில் எண்ணுகிறார்கள் என்னும் வினா எழாமற் போகாது. 2003இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படும் கொள்கை நம் நாட்டில் நடப்புக்கு வந்தபோது, தமிழ்ப்பள்ளியின் முதலாம் ஆண்டும் அதில் அடங்கியது. அக்கொள்கையைக் கைவிடும் முடிவு 2009இல் அறிவிக்கப்பட்டு, பின்வந்த ஆண்டுகளில் கணிதம் படிப்படியாகத் தமிழுக்குத் திரும்பியது. 2003இல் முதலாம் ஆண்டில் அமர்ந்த குழந்தைகள் 1996இல் பிறந்தவர்கள். அவர்கள் இன்று முப்பது வயதை ஒட்டியவர்கள். நம் பாலர் வகுப்புகளுக்குப் பிள்ளைகளை அழைத்துவரும் இளம்பெற்றோருள் பலர் அவர்களே.

தமிழ்ப்பள்ளியில் பயின்றும், தமிழில் கணக்குச் செய்து பழகாத தலைமுறை அது. வீட்டில் தமிழ் பேசும் தாய், அரிசி அளக்கும்போது ஆங்கிலத்தில் எண்ணுவதற்கு அவரைக் குறை கூறுவது நியாயமாகாது. அவர்தம் எண்கள் அம்மொழியில்தான் படிந்துள்ளன. ஆகவே, வீட்டில் ஆங்கிலத்திலோ மலாயிலோ எண்ணிப் பழகிய குழந்தையையும் நாம் ‘அஞ்சு’ என்ற சிறுமியைப் போலவே நடத்த வேண்டும். எண்ணிக்கையை முதலில் ஏற்க வேண்டும், தமிழ்ப்பெயரைப் பின்னர்த் தரவேண்டும். ஏழின் அளவை ஒரு மொழியில் உணர்ந்த குழந்தைக்குப் பிறமொழியில் வேண்டுவது பெயர் மட்டுமே.

இங்கே ஆசிரியர் செய்யக்கூடியது எளிது. பயிற்சித்தாள்களுக்குப் பதிலாக, வாரம் ஒரு வினாவைத் தமிழில் எழுதி வீட்டுக்கு அனுப்பலாம். ‘இன்று இரவு எத்தனை தட்டுகள் வைத்தீர்கள்? யாராவது வராவிட்டால் எத்தனை?’ என்பது போன்ற வினா போதும். அவ்வினாவை வாய்விட்டுப் படிக்கும் பெற்றோர், பிள்ளைக்காகத் தாமும் தமிழ் எண்களுக்குத் திரும்புகிறார்கள். தாத்தா பாட்டி உள்ள வீட்டில் அவர்களும் உரையாடலில் சேர்கிறார்கள்.

முடிவுரை

எண்ணுப்பெயர் வரிசையை ஒப்புவிப்பது எண்ணறிவாகாது. ஒன்றுக்கு ஒன்று பொருத்தி, தொகையை உணர்ந்து, பத்தைத் தொகுதியாகக் கண்டு, சேர்த்தல் முதலியவற்றைத் தேவையோடு செய்து, பின்னர்க் குறிக்கு வருவதே எண்ணறிவின் முறையான வளர்ச்சி. இதற்கான பொருள்கள் எல்லா வீட்டிலும் உள்ளன. அவற்றைத் தமிழில் எண்ணும் குரல் எல்லா வீட்டிலும் இன்று இல்லை. அக்குரலை மீண்டும் எழச் செய்வது கணித ஆசிரியரும் மொழியாசிரியரும் சேர்ந்து ஏற்கவேண்டிய பொறுப்பாகும். அதற்கு முதற்படியாக, அடுத்த முறை ஒரு குழந்தை நம்மிடம் ‘அஞ்சு’ என்று சொன்னால், சரி என்று கூறித் தொடங்குவோம்.